ஒன்பதரை மணிக்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு இரண்டு வருஷமாக மனச்சோர்வு. லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அதன்பின் கடையை மனைவிதான் பார்த்துக்கொண்டாள். மூன்று விதமான மாத்திரை மாற்றியும் ஆள் தேறவில்லை. கடைசியில் மருத்துவர் காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்தார். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்.

மயக்க மருந்து கிடையாது. காதை அடைத்துக்கொண்டு சாய்நாற்காலியில் உட்கார வேண்டும். தலையின் இடப்பக்கம் காந்தச் சுருளை அணைத்து வைப்பார்கள். மரங்கொத்தி போல டக்டக்கென்று மண்டையில் தட்டும். அவர் முறை பத்து மணிக்கு. அதே நாளில் தொடங்கிய ஒரு பேருந்து நடத்துனருக்கு ஒன்பதரை.

முதல் வாரம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. இரண்டாம் வாரம் நடத்துனர் சவரம் செய்துகொண்டு வந்தார். மூன்றாம் வாரம் இஸ்திரி போட்ட சட்டை. ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கும்போதே, "அண்ணே, இன்னைக்கு எழுந்ததும் பசிச்சுது!" என்றார்.

கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. நாற்காலியில் அந்த ஆளின் சூடுகூட ஆறியிருக்கவில்லை.

"அவருக்கு மட்டும் அளவைக் கூட வைக்கிறீங்களா?" என்று இயந்திரத்தை இயக்கும் பெண்ணிடம் கேட்டேவிட்டார்.

"இல்ல சார். முதல் நாள் காந்தத்தக் கூட்டிக்கிட்டே போனப்ப உங்க கட்டைவிரல் துடிச்சுதே, அத வச்சுத்தான் உங்க அளவு. சில பேருக்கு மெதுவாத்தான் தெரியும்."

"அந்த சில பேர்ல நான்தான் கிடைச்சேனா?"

திங்கட்கிழமை நடத்துனர் தன் மூக்குக்கண்ணாடியை நீட்டினார். ஒரு பக்கக் கால் ஆடிக்கொண்டிருந்தது. "ஒரு திருகு போட்டா சரியாயிடும்ல, அண்ணே?" இரண்டு நிமிஷ வேலை. கடைக்காரர் வாங்கிக் கொண்டுபோய் வீட்டு அலமாரியில் போட்டார். கேட்டபோதெல்லாம், "மறந்துட்டேன்" என்றார். நடத்துனர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாளிதழோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்க அவருக்கு இதமாக இருந்தது.

நான்காம் நாள் வீடு திரும்பும் வழியெல்லாம், அழைத்துப்போக வந்த மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "பசிக்குதாம்! தூக்கம் வருதாம்! ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லணுமா? கண்ணாடிய அடுத்த மாசம்தான் குடுப்பேன்."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். முகத்தில் சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"ஏங்க, ரெண்டு வருஷமா உப்பு இல்லன்னுகூட நீங்க சொன்னதில்ல. இன்னைக்கு அரை மணி நேரமா ஒருத்தரத் திட்டிக்கிட்டே வர்றீங்க."

அன்று மதியம் கடைக்காரர் அலமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்தார். திருகு இரண்டு முறை தரையில் விழுந்தது. மூன்றாம் முறை ஏறியது.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடத்துனர் ஐந்தாம் வாரமே மதிய வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ஆறாம் வார முடிவில் மருத்துவர் தொடக்கத்தில் கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்டு, "சோர்வு பாதி குறைஞ்சிருக்கு" என்றார். மீதிக்கு மாத்திரை தொடர்கிறது. கடைக்காரர் இப்போது காலையில் மட்டும் கடையில் உட்காருகிறார். மதியத்துக்கு மேல் முடிவதில்லை.

நடத்துனரைத் தங்கமான மனுஷன் என்கிறாள் மனைவி. இருக்கலாம். கடைக்காரருக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை.