கோல் கீப்பர் மரியநாயகம்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பங்களில் ரேமண்டைத் தெரியாதவர்கள் குறைவு. சிக்னல் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் நாற்காலி அடுக்கவும் சாவு வீட்டில் பெட்டி தூக்கவும் கூப்பிடாமலே வந்து நிற்பார். பந்து விளையாட மட்டும் அவரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும்.

காரணம் அவருடைய தாத்தா மரியநாயகம். ரேமண்ட் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அவரைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் ரயில்வே கால்பந்து அணியின் கோல் கீப்பர், அவரைத் தாண்டி ஒரு பந்தும் போனதில்லை. யார் பார்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பதினாறு வயதில் ரேமண்ட் பள்ளி அணிக்குக் கீப்பராக நின்று ஐந்து கோல் விட்டபோது, அப்பா மைதானத்திலேயே, கூட்டாளிகள் முன்னால், “தாத்தா பேரைக் கெடுக்கவே பொறந்திருக்க” என்றார். அன்று கழற்றிய கையுறையை ரேமண்ட் மறுபடி போடவேயில்லை. அப்பா போய் எத்தனையோ வருடமாகியும் அந்தச் சொல் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெட்டாலிங் ஜெயாவில் ஃபுட்சால் என்ற உள்ளரங்கக் கால்பந்துக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மகன்கள் ஒரு பக்கம் மருமகன்கள் ஒரு பக்கம் என்று குடும்பத்துக்குள் ஆட்டம் நடக்கும். இந்த வருடம் அதற்கு மரியநாயகம் பெயரில் கோப்பை என்று அக்கா சாந்தமேரி முடிவு செய்துவிட்டார்.

“டேய், நீதான் ரிட்டயர் ஆகி சும்மா இருக்க. பழைய பேப்பர்ல தாத்தாவப் பத்தி ஏதாச்சும் இருக்கும். தேடிக் கொண்டா, ஜெர்சியில அடிச்சிடலாம்” என்றார். அக்கா சொன்னால் சொன்னதுதான். தன்னைத் தலைகுனிய வைத்த தாத்தாவின் புகழைத் தானே தேடப் போவது ரேமண்டுக்குக் கசந்தது. ஆனாலும் போனார்.

ஆவணக் காப்பகத்தில் முதலில் வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கெடுப்பைக் கேட்டார். அங்கே வேலை பார்க்கும் ஷாமினி சிரித்துவிட்டாள்.

“அங்கிள், இதுல பேரெல்லாம் இருக்காது லா. எந்த வேலையில எத்தனை பேருன்னு நம்பர் மட்டும்தான்.”

“பரவால்லம்மா, காட்டு.” ரயில்வேயில் இருந்த தமிழர்களின் எண்ணிக்கை மேல் விரலை வைத்தார். “இந்தக் கூட்டத்துல எங்கயோ எங்க தாத்தா நிக்கிறாரு.”

பேப்பர்தான் காலை வாரியது. விளையாட்டுப் பக்கத்தில் பெயர் இருந்தது: ரயில்வே இரண்டாம் அணி, கீப்பர் மரியநாயகம். ரயில்வே பதினொரு கோல் வாங்கித் தோற்றது. ரேமண்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பதினொன்றுதான். அடுத்த வாரத்துப் பேப்பரில் ஆறு. அதற்கடுத்ததில் எட்டு. ஒரு ஆட்டத்தில் கீப்பர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுகூட எழுதி வைத்திருந்தான் அந்தப் பாவி நிருபன். எத்தனை புரட்டியும் ஒரு வெற்றி கிடையாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் அணியில் முதல் பெயர் அவருடையதுதான். அத்தனை வாங்கியும் மனிதர் அடுத்த வாரம் வந்து நின்றிருக்கிறார்! ரேமண்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. பார்த்தேயிராத தாத்தாவின் மேல் அன்றுதான் அவருக்குப் பாசம் வந்தது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டார்.

“பதினொன்னா? அலாமாக்!” என்றார் சாந்தமேரி. பிறகு, “அப்ப அப்பா உன்னைத் திட்டினது?” என்றார்.

“அதை விடுக்கா. ஜெர்சி முதுகுல பதினொன்னுன்னு பெரிசா அடிக்கச் சொல்லு. ஒரு ஜோடி கிளவ்ஸும் வாங்கிடு.”

“கிளவ்ஸ் யாருக்குடா?”

“எனக்குத்தான்.”

ஆட்டத்தன்று எல்லார் முதுகிலும் பதினொன்று. யார் யார் என்று தெரியாமல் ஒரே குழப்பம். தொந்தியும் புதுக் கையுறையுமாக ரேமண்ட் கோலில் நின்றார். மருமகன் பிரவின், மாமாவாயிற்றே என்று மெதுவாகத்தான் தட்டினான். பந்து உருண்டு வந்து, குனிந்த ரேமண்டின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போய் நின்றது. பிரவின் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பழைய சொல் எல்லாருக்கும் தெரியும்.

சாந்தமேரி பெஞ்சிலிருந்து எழுந்து கை தட்டினார். “டேய் ரேமண்ட், தாத்தா பேரைக் காப்பாத்திட்டடா!”

எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் ரேமண்ட்தான். வலையிலிருந்து பந்தை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போய் நின்றார்.