மூன்றாவது கட்டத்தில் என் மனைவி

போன வாரம் கரியாஹாட் கடைத்தெருவில் ஜால்முரி வாங்கினேன். பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுக் குலுக்கி, பழைய பேப்பரில் பொட்டலம் சுருட்டிக் கொடுத்தான் கடைக்காரன். பாதி தின்ற பிறகுதான் கவனித்தேன்: எண்ணெயில் ஊறிக் கிடந்தது நான் போட்ட படம். மூன்றாவது கட்டம் மட்டும். இடுப்பில் கை வைத்து நிற்கிற ஒரு அம்மாள். முதல் இரண்டு கட்டங்களில் என்ன நடந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வரைந்தவனுக்கே இந்தக் கதி என்றால் பாருங்களேன்.

இந்த ஊர் இங்கிலீஷ் பேப்பர் ஒன்றில் தினமும் மூன்று கட்டச் சிரிப்புப் படம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவின் மகன். படம் போட்டுப் பிழைக்கப் போகிறேன் என்றதும் அப்பா சிரித்தாரே, அதுதான் நான் சம்பாதித்த முதல் சிரிப்பு.

கெட்டிக்காரர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே வரைந்து கையிருப்பு வைத்துக்கொள்வார்களாம். எனக்கு அன்றன்றைக்கு அடுப்பு மூட்டுகிற பிழைப்பு. திங்கட்கிழமை கொஞ்சம் தெம்பு இருக்கும். புதன்கிழமை பென்சிலைவிட ரப்பர்தான் அதிகம் தேயும். வியாழக்கிழமை பென்சில் சீவியே பொழுது போகும். சனிக்கிழமை ஞாயிறுக்கும் சேர்த்து இரண்டு. ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பேப்பர் ஆபீசில் பக்கம் கட்டுகிற தாஸ்தா நாலரைக்கே போனில் வந்து, "தாதா, ஹோலோ?" என்பார். வங்காளியில் அண்ணா, ஆச்சா என்று அர்த்தம். ஆகவில்லை என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

என்னைக் காப்பாற்றியதும் மாட்டிவிட்டதும் கோமதியின் கோலம்தான். கோமதி என் மனைவி. ஒரு துர்கா பூஜை சமயத்தில் வாசலை அடைத்துப் பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். பூஜை நடத்துகிற தெருக் கிளப் பையன்கள் அதைப் பந்தலுக்காகப் போட்டது என்று நினைத்து, சுற்றிக் கயிறு கட்டி, மிதிக்கக் கூடாது என்று அட்டையும் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். பால் வாங்கப் போக முடியாமல் படியில் நின்றாள். "நான் போட்ட கோலத்தத் தாண்ட நான் யார்கிட்டங்க பர்மிஷன் கேக்கணும்?" என்றாள். அப்படியே வரைந்து அனுப்பினேன். ஆபீசுக்குப் போன் மேல் போன். அதற்கப்புறம் வாசகர்களுக்கு அந்த அம்மாள்தான் வேண்டும், வேறு எதுவும் செல்லாது.

அவளும் குறை வைக்கவில்லை. வாரம் முழுக்க எதையாவது சொல்வாள், எதையாவது கவிழ்ப்பாள். நமக்கு வாய்த்தது அப்படிப்பட்ட மனுஷி என்று நான் பாட்டுக்கு வரைந்து தள்ளினேன்.

ஒரு மே மாத வியாழக்கிழமை. மூன்று மணி வரை மூன்று கட்டமும் காலி. சமையலறையிலிருந்து கோமதி வந்தாள். அந்தப் புழுக்கத்தில் தலையில் என் குரங்குக் குல்லா, கையில் பாதி நறுக்கிய வெங்காயம், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "காத மூடிக்கிட்டா கண்ணு எரியாதுன்னு மாடிவீட்டு பௌதி அம்மா சொன்னாங்க. எரியுதேங்க." விழுந்து விழுந்து சிரித்தேன். ஐந்துக்குள் படம் போய்விட்டது.

"அனுப்பியாச்சா?" என்று கேட்டாள். ஆச்சு என்றதும் குல்லாவைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"எங்க அக்காவுக்கு ரொம்ப முடியலையாம். காலையிலயே திருச்சிலேர்ந்து போன் வந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீங்க எப்படி வரைவீங்க?"

அன்றைய விமானம் எதற்கும் நேரமில்லை. மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா இல்லை. வெள்ளிக்கிழமைப் படத்தை இழவு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போட்டேன். அன்று காலைதான் இங்கே பேப்பரில் வெங்காயம் வந்திருந்தது. ஊர் திரும்பிய வாரமே கோமதி மறுபடி ஏதோ தமாஷ் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வரைந்தேன். ராஜினாமா எழுதலாம் என்று எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன், அதற்குள் நாலரை ஆகித் தாஸ்தா வந்துவிடுவார்.

போன வருஷம் அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே அடுக்குமாடி விளம்பரம். முதல் திங்கட்கிழமை பழக்க தோஷத்தில் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன். கோமதி காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"என்ன கோமதி, இன்னிக்கு ஒண்ணும் நடக்கலையா?"

"இனிமே எதுக்குங்க? நான் ஒண்ணும் தமாஷான ஆள் இல்ல. நீங்க முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறத பாக்க சகிக்கல, அதான் இத்தன வருஷமும் இப்படியெல்லாம் பண்ணினேன்." கோபமில்லாமல்தான் சொன்னாள். "வாயத் தொறக்கறதுக்கு முன்னால சிரிப்பு வருமான்னு யோசிக்க வேண்டாம். எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

வீட்டில் இப்போது சத்தமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். ஊரைச் சிரிக்கவைத்த அந்த அம்மாள் போய்விட்டாள். இந்தப் பெண்ணோடு என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.