நிறுத்தி வைத்த படத்தில் ஒரு விரல்

அன்று வீட்டில் கடைசி வரை இருந்தவர்கள் மூன்று பேர்: அண்ணன், நான், பக்கத்து வீட்டு அக்கா. அப்பா ரயில்வே வேலைக்குப் போயிருந்தார். அம்மா கோயிலுக்கு. அண்ணனின் கிதாருக்கு டிரம் அடிக்கிற நண்பர் கிள்ளானிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார், வரவில்லை. எண்பதுகளின் நடுவில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

எங்கள் வரிசையில் யாரிடமும் சொந்தமாக வீடியோ மெஷின் கிடையாது. எட்டு வீடும் சேர்ந்து மாதம் ஒரு முறை கடையிலிருந்து இரண்டு நாள் வாடகைக்கு எடுப்போம். சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் தங்களுக்குப் பிடித்த படம் ஒன்றைக் கேட்க உரிமை உண்டு. இந்த முறை அண்ணன் கேட்டது படமே இல்லை. ஆரம்ப கால ஹெவி மெட்டல் குழு ஒன்று, வெள்ளைக்காரர்களின் டிவி நிகழ்ச்சிகளில் வாசித்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த கேசட் அது. முதல் பாட்டு தொடங்கியதுமே மற்ற வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த படத்துக்கு இடம் பிடிக்க வந்த அக்கா மட்டும் மடியில் மல்லிகையும் நாருமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். கோயில் பக்கத்துப் பூக்கடைகளுக்குச் சரம் கட்டிக் கொடுப்பவர் அவர்.

"என்ன தம்பி, இவனுங்க வீட்டுல சீப்பே இல்லியா?"

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க லா" என்றான் அண்ணன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவனுக்கு அது விளையாட்டு இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்னால் ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலையில் ஒரு பிரஸ் மெஷின் அவனுடைய இடது கை மோதிர விரலை நசுக்கிவிட்டது. விரல் பிழைத்தது, மடங்கவில்லை. நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை படித்ததே, அவன் ஆறாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனதால்தான். இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. கேசட் அட்டையில் இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லச் சொல்வான், அவ்வளவுதான். அவனுடைய கிதாரை வாங்கிக்கொள்ள அன்று சாயங்காலம் ஒருவர் வருவதாக இருந்தது. காலையில் என்னிடம், "அந்தப் பாட்டுல கிதார் வேகமா போற எடம் இருக்குல்ல, அத மோதிர விரல் இல்லாம வாசிக்க முடியும்னா வெச்சுக்கிறேன். முடியாதுன்னா போவட்டும்" என்று சொல்லியிருந்தான்.

திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தோம். அறை முழுவதும் நீல வெளிச்சம் நீர் போல அசைந்தது. பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட். நிறங்கள் எல்லை தாண்டி வழிந்துகொண்டிருந்தன. பாடகனின் ஆரஞ்சு முகம் தோளில் கரைந்தது. டிவி அரங்கின் தரையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் தூக்கத்தில் இருப்பவர்களைப் போலத் தலையாட்டினார்கள். ரயில் போகும்போதெல்லாம் படத்தில் கோடுகள் ஓடின. அந்தக் குழுவே ஏதோ கடலடியில் நின்று எங்களுக்காக மட்டும் வாசிப்பதாகத் தோன்றியது. பாட்டின் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை. அந்த வெளிச்சம் நினைவிருக்கிறது.

ஆனால் கேமராக்காரனுக்குப் பாடகனின் முடி மேல்தான் காதல். வேகமான இடம் வரும், அண்ணன் முன்னால் சாய்வான், திரையில் முடி பறக்கும். மூன்று நிகழ்ச்சிகளில் மூன்று முறையும் அப்படியே. நான்காவதில் பாடகன் எதற்கோ முதுகைக் காட்டினான். கேமரா போக்கிடம் இல்லாமல் கிதார்க்காரனின் கையில் வந்து நின்றது. கண் இமைக்கும் நேரம்தான்.

"பாத்தியாடா?"

"இல்லண்ணே. வேகமா போயிடுச்சு."

அக்கா சரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "ரெண்டு வெரலுதான் ஓடுது. சுண்டு வெரலு எப்பவாச்சும் தொடுது. மோதிர வெரலு சும்மா நிக்குது."

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"டேய், பொழுதன்னிக்கும் வெரலதானே பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்தீங்க."

அண்ணன் பின்னால் ஓட்டி, அந்த இடத்தில் படத்தை நிறுத்தினான். குறுக்கே வெள்ளைக் கோடு நடுங்க, ஒரு கை உறைந்து நின்றது. மோதிர விரல் விறைப்பாக, தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. ஓட விட்டான், நிறுத்தினான். மறுபடியும் பின்னால் ஓட்டினான். ரொம்ப நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது, டேப் தேய்ந்துவிடும் என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவார். படித்தவன் நான், நானாவது ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அவன் மடிக்குக் கிதார் வந்திருந்தது. திரையில் நின்ற கையைப் பார்த்துப் பார்த்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிகளில் வைத்துக்கொண்டிருந்தான்.

பத்தாவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ, உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். திரை முழுக்கப் புழுதி. கேசட்டை வெளியே எடுத்தபோது கறுப்பு நாடா குடல் போல நீண்டு வந்தது, அறுந்தும் போயிருந்தது.

"அய்யோ, என் படம் போச்சே" என்றார் அக்கா.

அண்ணன் காதில் விழவில்லை. வாசித்துக்கொண்டிருந்தான். தடுமாறித் தடுமாறித்தான். ஆனால் அந்த இடம்தான் அது, எனக்குத் தெரிந்தது. நசுங்கிய விரல் தன் பாட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்க, மற்றவை அதைச் சுற்றி ஓடின.

சாயங்காலம் வந்த ஆளுக்கு ஒரு தேநீர் கொடுத்து, "மன்னிச்சுக்குங்க பாஸ், விக்கல" என்று அனுப்பி வைத்தான். பிறகு நாங்கள் இருவரும் வீடியோ மெஷினைத் துணியில் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தோம். கேசட்டுக்கு நாற்பது வெள்ளி, மெஷினைத் திறந்து சுத்தம் பண்ணப் பதினைந்து; மொத்தம் ஐம்பத்தைந்து வெள்ளி.