மூன்று நாள் குறைந்த சூடு

மேகலா தலைநகரின் ஜனக்புரியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் குடியிருக்கிறாள். பதினோரு வருஷமாகக் காலையில் ஒரே மெட்ரோவில்தான் போகிறோம். அவள் அப்பா மோதி பாக் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிய அரசாங்கப் பியூன். மகளை எப்படியோ டிப்ளமோ வரை படிக்க வைத்துவிட்டார். அந்த டிப்ளமோவோடு ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த டெக்னீஷியனாகச் சேர்ந்தவள், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலை முடிந்து மறுவாரம் திரும்பச் சேர்ந்தே பதின்மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டாள். நிரந்தர வேலைக்கு வயது வரம்பு நாற்பது. அவளுக்கு முப்பத்தொன்பது நடந்தபோது ஒரே ஓர் இடத்துக்கு விளம்பரம் வந்தது. அதை விட்டால் வேறு கிடையாது.

அவள் வளர்த்தது ஃபோட்டோகேத்தோடு. ஒளி பட்டால் எலக்ட்ரான்களை உதிர்க்கும் தகடு. எலக்ட்ரான்களை விரட்டி ஓட்டும் பெரிய இயந்திரத்துக்கு அவை இதிலிருந்துதான் போக வேண்டும். ஐந்து ரூபாய் நாணயம் அளவு உலோகத்தின்மேல், காற்றே இல்லாத எஃகுப் பெட்டிக்குள், முதலில் டெல்லூரியம், பிறகு சீசியம் படிய வைப்பாள். சீசியம் ஏற ஏற மின்னோட்டமும் ஏறும். உச்சம் தொட்டதும் சீசியத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த நொடி அவள் கைக்குத் தெரியும். முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்குத் தெரியாது. இதை நான் சிநேகத்துக்காகச் சொல்லவில்லை.

அதற்கு முன் பெட்டியை ஐந்து நாள் சூடேற்ற வேண்டும். ஹீட்டர் பட்டை சுற்றி, மேலே அலுமினியத் தாள் போர்த்தி, நூற்றைம்பது டிகிரியில் வைத்தால்தான் உட்சுவரில் ஒட்டிய ஈரம் வெளியேறும். கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் சீசியம் கெட்டுவிடும்.

விளம்பரம் வருவதற்கு முந்தைய மார்ச்சில், நிதி ஒதுக்கும் குழு ஒன்று பார்வையிட வருவதாக இருந்தது. பிரிவுத் தலைவர் ரங்கராஜன் தமிழர். அந்தக் கட்டடத்தில் தனக்கு மனுஷர் என்று இருப்பது அவர் ஒருவர்தான் என்று மேகலா பெருமையாகச் சொல்வாள். சூடேற்றத் தொடங்கிய இரண்டாம் நாளே அவர் வந்து அலுமினியத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். சாலையோரத் தாபாவில் ரொட்டி பொட்டலம் கட்டியது போல இருக்கிறதாம். குழு போட்டோ எடுக்கும், உரித்துவிடு என்றார். இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஒப்பந்தக்காரி பேச்சு எந்த அம்பலத்தில் ஏறும்? உரித்தாள். சூடு நின்றது; ஈரம் மிஞ்சிய பெட்டியிலேயே தகட்டை வளர்த்தாள்.

பெட்டி பளபளவென்று இருந்தது. போட்டோவும் நன்றாக வந்தது. குழுவின் கண்ணெதிரே ஒளியைப் பாய்ச்சியதும் மின்னோட்டம் ஏறி, அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏன் என்று மேலிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது.

ரங்கராஜன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேகலா, சூட்டை நீயே முன்கூட்டி நிறுத்திட்டதா ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. என் பேர் வந்தா புராஜெக்டே போயிடும். பர்மனென்ட் போஸ்ட் வர்றப்ப நான் பார்த்துக்கறேன், அச்சா?"

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நான் திட்டினேன். அவர் நம்ம மனுஷர் என்றாள். இந்த நம்ம மனுஷர் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரங்கராஜனும் இருந்தார். மற்ற நால்வருக்கும் தமிழ் தெரியாது. தேர்வுக் குழுத் தலைவர் கோப்பைப் புரட்டி, விதியை மீறிச் சூட்டை நிறுத்தியது ஏன் என்று இந்தியில் கேட்டார். மேகலா ரங்கராஜனைப் பார்த்தாள். அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் அவரிடம் தமிழிலேயே சொன்னாள்.

"சார், எழுதச் சொன்னது நீங்கதானே. நீங்களே சொல்லிடுங்க சார்."

என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். தப்புக்கு வருத்தப்படுகிறாளாம் என்று ரங்கராஜன் இந்தியில் சொன்னார். குரல் கொஞ்சமும் பிசகவில்லையாம்.

அதன்பிறகுதான் அவள் இந்தியில் வாயைத் திறந்தாள். உரிக்கச் சொன்னதும் எழுதச் சொன்னதும் யார் என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். தலைவர் நல்ல மனிதர்தான், முழுதும் கேட்டார். பிறகு மரியாதையாகவே கேட்டார்: அப்படியானால் நீங்கள் பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா?

இல்லை என்றால் அவள் விதியை மீறியவள். ஆமாம் என்றால் பொய் எழுதியவள். எப்படிப் பார்த்தாலும் வேலை போய்விட்டது.

மேகலா ஆமாம் என்றாள்.