கண்ணன் உறை போட்ட மாயக்கதை

கொரோனா ஓய்ந்து, எங்கள் ஊர் லுணுகலை பஸ்களில் பழையபடி நெரிசல் தொடங்கியிருந்த காலம் அது. பதுளை பெரியாஸ்பத்திரியில், பிள்ளைத்தாய்ச்சிகள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் நான் படுத்திருந்தேன். வயிற்றில் ஆறாம் மாதம். அதற்கு முன்பு இரண்டு தடவை இதே ஆறாம் மாதத்தோடு எல்லாம் முடிந்துபோயிருந்தது. இந்த முறையும் இரத்தம் பட்டதும் பதறியடித்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அசையாமல் படுத்தால்தான் பிள்ளை தங்கும் என்றார் டாக்டர்.

எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது. தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் வாண்டுகளைக் கட்டி மேய்ப்பவள் நான். நமுனுகுல மலையில் பனிமூட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்தபடி கிடப்பேன். கொஞ்ச நேரம் அசைவு தெரியாவிட்டால் பயத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். நர்ஸ்மார் வந்து ஏசிப் படுக்க வைப்பார்கள். என் கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. வாரம் ஒரு நாள் வந்து போவதே பெரும்பாடு.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்து அக்கா. பிரஷர் கூடிவிட்டதால் அவரையும் படுக்கப் போட்டிருந்தார்கள். நான் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல், தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"என்ட மகள்ட புத்தகம் தங்கச்சி. அஞ்சு பாகம் ஈக்கி. வாசிங்க, மனசு கொஞ்சம் வேற பக்கம் போகும்."

ஊர் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் பைத்தியமாகக் கிடக்கும் மாயாஜாலத் தொடர் அது. தமிழிலும் வந்திருந்தது. சின்னப்பிள்ளைச் சமாச்சாரம் என்று நான் தொட்டதே இல்லை. வேண்டாவெறுப்பாகத்தான் பிரித்தேன். வீட்டுக்கு வழி தெரியாமல் வேறொரு உலகத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணின் கதை. அங்கே மலைகள் இடம் மாறி நடக்கும். ஆறுகள் பேசும். நெருப்புக் கக்கும் ராட்சதப் பறவைகள் அவளைத் தேடிக்கொண்டே இருக்கும். பத்துப் பக்கம் போவதற்குள் நான் வார்டில் இல்லை. மத்தியானச் சோறு வந்ததும் தெரியாது, ஊசி போட்டதும் தெரியாது. இடையில் கண் செருகும்போது ஜன்னலுக்கு வெளியே நமுனுகுல மெதுவாக எழுந்து, மூட்டத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்வது போலிருக்கும். எந்தப் பயமும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

அந்தச் சுகத்துக்கு மாமியார் ரூபத்தில் தடங்கல் வந்தது. என் மாமியார் கொழுந்து பறிப்பவர். எனக்காக வேலையை விட்டுவிட்டு லுணுகலையிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு வந்தவர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் ஆடிப்போனார். கோரைப் பல்லும் சிவந்த கண்ணுமாக ஒரு ராட்சதப் பறவை. எங்கள் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதைப் பார்க்கிறாளோ அதுதான் பிள்ளையில் இறங்கும் என்பார்கள். அதற்காகவே எங்கள் லயத்து வீட்டில் என் படுக்கைக்கு நேரே அழகான குழந்தைப் படமாகத் தேடி ஒட்டி வைத்தவர் அவர்.

"இதையெல்லாம் புள்ளத்தாச்சி கண்ணால பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். இரவல் புத்தகம் மாமி என்று நான் கெஞ்சியும் கேட்காமல், பைக்குள் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். பக்கத்துக் கட்டில் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் பரவாயில்லை என்று கையசைத்தார். ஆனால் விட்டுப்போயிருந்த பயமெல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது. அன்றைக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தேனோ, நர்ஸ்மாரே அலுத்துப்போனார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு மாமியார் சரியாக வந்து நின்றார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பழைய காலண்டரில் வெட்டிய தவழும் கண்ணன் படத்தால், சோற்றுப் பசை தடவி, இறுக்கமாக உறை போட்டிருந்தார். பறவையின் நகம்கூட வெளியே தெரியவில்லை.

"உள்ள என்னா வேணா இருக்கட்டும். வயித்துல இருக்குறது மேல உள்ள படத்தத்தானே பாக்கும்" என்றார்.

பக்கத்துக் கட்டில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பிரஷர் பார்க்க வந்த நர்ஸ் அவருக்கும் ஏசினார். உறையைக் கழற்ற வேண்டாம், மகளுக்குச் சொல்லிக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். இரண்டாம் பாகத்துக்கும் கண்ணன் வந்தார். மூன்றாம் பாகத்துக்குக் காலண்டர் தீர்ந்துபோய், பேபி பவுடர் விளம்பரத்துக் குழந்தை வந்தது.

தானே உறை போட்ட புத்தகத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று மாமியாருக்கு ஆசை வராமலா இருக்கும்? கேட்டார். நான் படுத்தபடியே சொன்னேன். அதன் பிறகு தினமும் கதைதான். முன்பெல்லாம் நாங்கள் இருவரும் பேசப் பயந்து, தோடம்பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்போது அவர் வந்ததும் வராததுமாக, "ஆத்தத் தாண்டிருச்சா?" என்பார். மலை நடந்தால் கொழுந்து எடுக்கிறவர்கள் எங்கே போய் எடுப்பார்கள், அந்தப் பெண் கையில் ரொட்டி ஏதும் கட்டிக்கொண்டு வந்தாளா என்றெல்லாம் அவருக்குக் கவலை. எனக்குப் பதில் தெரியாத இடங்களில் அவரே ஒரு பதில் வைத்துக்கொள்வார். அந்த நடக்கும் மலைகளுக்கு நடுவில் நான் ஆறாம் மாதத்தை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. ஏழும் போனது.

அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குப் போகும்போது கடைசிப் பாகத்தை என் கட்டிலில் வைத்துவிட்டு, முடித்த பிறகு கடைக்கு வாங்க என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில், அதைப் பிரிப்பதற்கு முன்பே, திரும்ப இரத்தம் போகத் தொடங்கியது. தள்ளுக்கட்டிலில் தள்ளிக்கொண்டு போனதும், தலைக்கு மேலே விளக்குகள் வரிசையாகப் போனதும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது பெண் குழந்தை என்றார்கள். குறை மாதம், மூச்சு விடக் கஷ்டப்படுகிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். மாமியார் வந்தார். பிள்ளையைப் பார்க்க அவரை விடவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் இதைத்தான் கேட்டார்.

"கதையில அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேந்துச்சா?"

மாமி இன்னும் உறை போட்டிராத கடைசிப் பாகத்தின் முதல் பக்கத்தைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

"சேந்துருச்சு மாமி."

அவர் தலையை ஆட்டினார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணீர் ஊற்ற ஃபிளாஸ்க்கைத் திறந்தார். அப்போதுதான் நானும் அழுதேன்.

என் மகள் இன்றைக்கு என்னுடைய முன்பள்ளியிலேயே படிக்கிறாள். மற்றப் பிள்ளைகளின் பென்சிலைப் பிடுங்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கடைசிப் பாகத்தைப் பிறகு வாசித்து, துணிக்கடைக்கே போய்க் கொடுத்துவிட்டும் வந்தேன். ஆனால் எதையாவது நினைத்து நெஞ்சு பதறும் நாட்களில் எனக்குத் தைரியம் தருவது, என்ன நடக்கும் என்று தெரியாமலேயே "சேந்துருச்சு" என்று நான் சொன்னதும், எனக்கும் தெரியாது என்று தெரிந்தே மாமி அதை நம்பியதும்தான்.