தென்காசிக் கொட்டகையில் கடல்பசு

நடந்ததைத்தான் சொல்கிறேன். கட்டுக்கதை கேட்க ஆசைப்படுகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம். 1936, ஆனி மாதம். தென்காசியில் கூடாரம் போட்டிருந்த டூரிங் சினிமாவில் ஒலி முகம்மதுதான் ஆபரேட்டர். எவனுக்கும் அஞ்சாத ஆள். அன்றைக்குப் பிறகு அவர் புரொஜக்டரைத் தொடவே இல்லை.

சிவகிரிப் பண்ணையார் மகன் நம்பிராஜன் பிற்பகல் மூன்றரைக்கு ஒரு தகர டப்பாவோடு வந்து இறங்கினான். சீமைக் காமிரா வாங்கிய நாளிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை. மண்டபம் கடலில் கடல்பசுவைப் பத்தடி தூரத்தில் படம் பிடித்தானாம்.

“அவ்வளவு கிட்டக்க எப்படி அண்ணாச்சி வந்துது?”

“குட்டிய வலையில கட்டி வச்சேன்வே. தாய் புஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டுத் தானா வந்துது. படகுல ஒரு முட்டு முட்டிச்சு பாரும்! படகோட்டிக்குக் கை முறிஞ்சிட்டு. பயந்தாங்கொள்ளிப் பய, அங்கன கெடந்து அழுதான்.”

“குட்டி?”

“மூச்செடுக்க மேல வர முடியாம முட்டிச் செத்துது. அதுக்கென்ன? நீரு சுத்தும்வே.”

இவனும் ஒரு மனுசனா என்று முகம் சுளித்தபடி ஒலி முகம்மது ரீலை மாட்டினார். படுதாக்களை இழுத்துவிட்டார். உள்ளே இருவர் மட்டும். மணி மூன்று ஐம்பது. கையால் சுற்றும் இயந்திரம் கடகடத்தது.

ஊமைப் படம். வலையில் குட்டி. துள்ளியது... அடங்கியது. அப்பால் சாம்பல் நிற முதுகு ஒன்று எழுந்தது. நம்பிராஜன் சிரித்தான்.

புஸ்ஸ்ஸ்... யாரோ நீளமாக மூச்சு விட்ட சத்தம். ஊமைப் படத்தில் ஏது சத்தம்?

திரை இருண்டு தெளிந்தது. இப்போது காட்சி தண்ணீருக்கு அடியிலிருந்து தெரிந்தது. மேலே படகு. விளிம்பில் குனிந்து, கண்ணில் காமிராவோடு... நம்பிராஜன்.

“அண்ணாச்சி... இத யாரு எடுத்தா?”

“எங்கிட்ட... ஒரு காமிராதானவே இருந்துது.”

புஸ்ஸ்ஸ்... படகு நெருங்கியது.

ஒலி முகம்மது கைப்பிடியை விட்டார். ரீல் நிற்கவில்லை.

அவன் முகம் திரையை நிறைத்தது. வாய் திறந்தது...

இருட்டு.

வெளியே வந்ததும் நம்பிராஜன் வீம்பாகச் சிரித்தான். “ரீலு வித்த பய ஏமாத்திட்டான். குத்தாலத்துல ஒரு குளி போட்டாச் சரியாப்போவும்.”

மறுநாள் காலை, அருவிக்குக் கீழே முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான். வழுக்கி விழுந்ததாக எழுதி முடித்தார்கள். ஒலி முகம்மது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பரீது சொன்னதுதான் அவரைப் படுக்கையில் தள்ளியது.

“அவன் வேட்டியக் காயப்போட்டோம்ணே. காஞ்சதும் வெள்ளையாப் பூத்துருந்துது. நாக்குல வச்சுப் பாத்தேன்... உப்பு. கடத்தண்ணி உப்பு.”