தெரிந்ததைத் திருப்பிச் சொல்லாதே

ஆஸ்பத்திரி வார்டில் மனிதர்கள் போடும் கூச்சல் போதாதென்று கருவிகளும் கூச்சல் போட்டன. கட்டிலில் ஒன்று, மருந்து வண்டியில் ஒன்று, நர்ஸ் கையில் ஒன்று. அத்தனைக்கும் ஒரே வயர்லெஸ் பாதை. எல்லாம் ஒன்றாக வாயைத் திறந்தால் எது யாருக்குக் கேட்கும்? அதைச் சரிசெய்யத்தான் இன்ஜினியர் என்று அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவள் பழக்கியது இவ்வளவுதான்: அடுத்த கருவிக்குத் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லாதே, புதிதாக இருந்தால் மட்டும் பேசு. மனிதர்களில் பாதிப் பேருக்கு வராத புத்தி, கருவிகளுக்குச் சட்டென்று வந்துவிட்டது.

அவளுடைய அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது, "வேற எங்கயும் வேணாம்ண்ணே, எங்க ஆஸ்பத்திரிக்கே வா. நான் பாத்துக்கறேன்" என்று பிடிவாதமாகச் சேர்த்ததும் அவள்தான். வீட்டில் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். படுத்த படுக்கையிலும் வாய் ஓயவில்லை. மணியை அழுத்துவார், நர்ஸ் விழுந்தடித்து ஓடி வருவாள். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான். சாப்டியா?" என்பார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

கட்டில் கருவி இதைக் கவனித்தது. இந்த ஆள் மணியடிப்பது பேச்சுத்துணைக்குத்தான் என்று தெரிந்துகொண்டது. நர்ஸின் கைக்கருவியும் அதை ஒப்புக்கொண்டது. அதன்பிறகு, புதிதாக ஒன்றுமில்லை என்று, அவர் மணி நர்ஸுக்குப் போய்ச் சேரவே இல்லை. தங்கை அதைத் திரையில் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். "பரவாயில்லையே, நம்ம ரேடியோவையே ஆஃப் பண்ணிடுச்சே!"

தேறிவிட்டார் என்று நெஞ்சில் ஒட்டியிருந்த கம்பிகளையெல்லாம் கழற்றிய மறுநாள் மத்தியானம், அவர் மணியை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் பார்த்தபோது உயிர் இல்லை. விரல் மட்டும் மணிமேல் இருந்தது.

மேலாளர் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்லவேளைம்மா, நம்ம பக்கம் தப்பே இல்ல. ரெண்டு கருவியும் ஒண்ணையொண்ணு கரெக்டாத்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கு."

பாவி! அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உலுக்குவாள்?

பிணவறை வாசலில் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூப்பிடக்கூடத் தெம்பில்லாமப் போயிட்டாரு, இல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை.

"கூப்பிட்டாரு அண்ணி. ரொம்ப நேரம் கூப்பிட்டாரு."

"அப்ப ஏன் யாருமே வரல?"

"வர வேணாம்னு நான்தான் பழக்கி வச்சிருந்தேன்."